வண்டி ஓடுது, பேட்டரி ஏறல: ஆல்டர்னேட்டரை கழட்டுறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்

இன்ஜின் ஓடும்போது பெல்ட்டால சுத்தி, கரண்ட் எடுத்து பேட்டரிய சார்ஜ் பண்ற சாமான் தான் ஆல்டர்னேட்டர். டேஷ்போர்டுல சிவப்பு பேட்டரி லைட் எரிஞ்சா நம்ம ஆளுங்க ரெண்டுல ஒண்ணு தான் பண்றாங்க. சில பேர் நேரா கடைக்கு போய் புது பேட்டரி மாட்டிட்டு வந்துடுவாங்க, அதுவும் ஒரு வாரத்துல படுத்துடும். மத்தவங்க ஒர்க்‌ஷாப்ல விடுவாங்க, அங்க "ஆல்டர்னேட்டர் போச்சு சார்"னு ஒரு வார்த்தை தான், முழு செட்டும் மாறிடும், பில்லு ஆயிரக்கணக்குல வரும். கெட்டுப்போனது எர்த் வயர்ல இருக்கற துருவாவோ, ஆல்டர்னேட்டருக்குள்ள தேஞ்ச கார்பன் பிரஷ்ஷாவோ இருந்திருக்கும். சார்ஜ் ஏறலன்னா ஆல்டர்னேட்டர் செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்லங்க. பெல்ட், வயர், ஃப்யூஸ், எர்த், வார்னிங் லைட் சர்க்யூட், பேட்டரி இதுல எது போனாலும் அதே சிவப்பு லைட், இல்லன்னா அதே காலைல ஸ்டார்ட் ஆகாத கதை தான். ஒரு மல்டிமீட்டர் இருந்தா இதுல முக்கால்வாசி நீங்களே பிரிச்சு பாத்துடலாம்.

நான் சொல்றது பெரும்பாலும் ஆல்டோ, வேகன் ஆர், பழைய ஸ்விஃப்ட், சான்ட்ரோ, இண்டிகா மாதிரி வண்டிங்களுக்கு பொருந்தும். புது பிஎஸ்6 வண்டிங்களுக்கு கொஞ்சம் வேற கணக்கு, அத கடைசி பக்கமா சொல்றேன். வயசான மெக்கானிக்குங்க ஆல்டர்னேட்டரையும் இன்னும் டைனமோன்னு தான் சொல்வாங்க, அது பழைய காலத்து சாமானோட பேரு, குழம்பாதீங்க.

முதல்ல ஒரு விஷயம், இத மட்டும் படிச்சுட்டு மிச்சத்தை விட்டாலும் பரவால்ல. இன்ஜின் ஓடிட்டு இருக்கும்போது பேட்டரி டெர்மினலை கழட்டி "வண்டி நிக்குதா ஓடுதா"ன்னு பாக்கற டெஸ்ட்டை யாரையும் உங்க வண்டில பண்ண விடாதீங்க. அம்பாசடர்ல டைனமோவும் கட்-அவுட்டும் இருந்த காலத்து பழக்கம் அது. ஆல்டர்னேட்டர் லோடு எடுத்துட்டு இருக்கும்போது பேட்டரிய திடீர்னு பிரிச்சா அந்த நிமிஷமே லைன்ல வோல்ட்டேஜ் பல மடங்கு எகிறும், அது நேரா ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்), மீட்டர் கன்சோல், மியூசிக் சிஸ்டம், ஆல்டர்னேட்டருக்குள்ள கரண்டை டிசியா மாத்தற டயோடுன்னு எல்லாத்தையும் போய் அடிக்கும். வண்டி ஓடினாலும் அதுல ஒண்ணும் நிரூபணம் ஆகாது, பாதி செத்த ஆல்டர்னேட்டர் கூட ஐடிலிங்ல இன்ஜினை ஓட்டிடும். அதே மாதிரி ஆல்டர்னேட்டர் பின்னாடி இருக்கற தடியான வயர், பி பிளஸ்னு சொல்வாங்க, அதுல சாவி ஆஃப்ல இருந்தாலும் கரண்ட் எப்பவும் இருக்கும், அங்க ஸ்பானர் போட்டு அது பாடில இடிச்சா பொறி பறக்கும். ஆல்டர்னேட்டரை கழட்டணும்னா முதல்ல பேட்டரி நெகட்டிவ கழட்டிடுங்க, அப்புறம் தான் மத்தது. மோதிரம், செயின், கைல கட்டுன கயிறுல தொங்கற காப்பு எல்லாம் கழட்டி வச்சிடுங்க. பேட்டரிகிட்ட பீடி சிகரெட் வேணாம், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும்.

சரி, சாவிய போடுங்க. இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாம சாவி ஆன்ல மட்டும் வச்சு பேட்டரி லைட்டை பாருங்க. எரியணும். நிறைய பேர் இத கவனிக்கவே மாட்டாங்க, "லைட்டே எரியல சார், அப்ப சார்ஜ் ஏறுது தானே"ம்பாங்க. சாவி ஆன்ல எரிஞ்சு, ஸ்டார்ட் ஆன உடனே அணைஞ்சா தான் சரி. சாவி ஆன்லயே எரியலன்னா அது தனி பிரச்சனை, ஏன்னா பழைய டைப் நிறைய வண்டில அந்த பல்ப் வழியா போற கொஞ்சம் கரண்ட் தான் ஆல்டர்னேட்டருக்குள்ள சுத்தற ரோட்டர் காயிலுக்கு முதல் காந்தத்தை குடுக்கும். பல்ப் ஃப்யூஸ் ஆனாலோ, யாராவது மீட்டர்ல அழகுக்கு எல்இடி மாத்தி இருந்தாலோ, அந்த கரண்ட் போகாது, ஆல்டர்னேட்டர் நல்லா இருந்தும் தூங்கிட்டு இருக்கும். இந்த கேஸ்ல சில நேரம் ஆக்சிலேட்டரை நல்லா மிதிச்சா திடீர்னு சார்ஜ் ஏற ஆரம்பிக்கும், ரோட்டர்ல மிச்சம் இருக்கற காந்தத்தால. "ஒரு தடவ ரேஸ் பண்ணா சரியாயிடுது"ன்னு யாராவது சொன்னா முதல்ல அந்த பல்ப்பையும் வயரையும் தான் பாக்கணும். சில மாடல்ல ரெகுலேட்டருக்கு (சார்ஜ் வோல்ட்டேஜை அளவா வைக்கற சாமான்) இக்னிஷன்ல இருந்து தனி வயர் வரும், அதுல பல்ப் போனாலும் சார்ஜ் ஏறிடும், ஆனா ஏறாம போற அன்னிக்கு உங்களுக்கு எச்சரிக்கை வராது.

ஓடும்போது லைட் முழுசா எரியாம மங்கலா எரிஞ்சா பெரும்பாலும் டயோடு இல்லன்னா கார்பன் தேய்மானம். மேடு பள்ளத்துல மட்டும் மினுக்கு மினுக்குனு எரிஞ்சா கனெக்டர் லூஸ், இல்லன்னா கார்பன். ஏசி போட்டு ஹெட்லைட் போட்ட உடனே கிய்ய்னு கத்தி லைட் எரிஞ்சா பெல்ட் ஸ்லிப். பேட்டரி லைட் எரிஞ்சு கூடவே டெம்பரேச்சர் முள்ளும் ஏறுச்சுன்னா ஓரங்கட்டி உடனே இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. பெல்ட் அறுந்துருக்கும், நிறைய இன்ஜின்ல அதே பெல்ட் தான் வாட்டர் பம்ப்பையும் சுத்தும், பேட்டரிக்கு பயந்து "நிறுத்தினா திரும்ப ஸ்டார்ட் ஆகாது"ன்னு ஓட்டிட்டே போனா ஹெட் கேஸ்கெட்டுக்கு சேத்து செலவு வைக்கும்.

இப்ப மீட்டர். எந்த எலக்ட்ரிக்கல் கடையிலயும் கிடைக்கற மஞ்ச கலர் டிடி830 மல்டிமீட்டர் போதும், ஆனா அதுல ஒரு குறை இருக்கு, டயோடு பாக்கும்போது சொல்றேன். டிசி 20 வோல்ட் ரேஞ்ச்ல வைங்க. வண்டி ராத்திரி பூரா நின்னு, காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பேட்டரி ரெண்டு முனையில வச்சு பாருங்க. முனையிலன்னா ஈய கம்பத்துலயே வைக்கணும், மேல மாட்டி இருக்கற கிளாம்புல இல்ல. 12.6 இருந்தா ஃபுல். 12.4னா முக்கால். 12.2னா பாதி. 12க்கு கீழனா கிட்டத்தட்ட காலி. 10.5 பக்கம் காட்டி, சார்ஜர்ல போட்டாலும் அதுக்கு மேல நிக்காம இறங்கிடுச்சுன்னா ஒரு செல் ஷார்ட், பேட்டரி மாத்தணும், அந்த பேட்டரிய வச்சுட்டு ஆல்டர்னேட்டரை டெஸ்ட் பண்றதுல அர்த்தமே இல்ல. பொதுவாவே பேட்டரி ரொம்ப இறங்கி இருந்தா முதல்ல சார்ஜர்ல போட்டு ஏத்திட்டு வந்து டெஸ்ட் பண்ணுங்க, காலி பேட்டரிய வச்சு பாத்தா நல்ல ஆல்டர்னேட்டரும் 13ல நின்னுட்டு இருக்கும், நீங்க தப்பான முடிவுக்கு வந்துடுவீங்க.

ஸ்டார்ட் பண்ணுங்க. ஐடிலிங்ல, எந்த லோடும் இல்லாம, பேட்டரில 13.8ல இருந்து 14.5 வரைக்கும் காட்டணும். அப்புறம் ஹெட்லைட் ஹை பீம், ப்ளோயர் ஃபுல், ஏசி, பின்னாடி கண்ணாடி டீஃபாகர் எல்லாத்தையும் போட்டு, உள்ள ஒருத்தர உக்கார வச்சு 2000 ஆர்பிஎம் கிட்ட பிடிக்க சொல்லுங்க. 13.5க்கு மேல நின்னா ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு, உங்க பிரச்சனை பேட்டரியோ வண்டி நிக்கும்போது எங்கயோ கரண்ட் கசியறதோ தான். லோடு இல்லாம 14.2, லோடு போட்டா 12.8க்கு விழுதுன்னா சார்ஜ் பத்தல: பெல்ட் ஸ்லிப், ஒரு டயோடு போனது, வயர்ல நஷ்டம், இந்த மூணுல ஒண்ணு. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி 12.4 இருந்தது ஸ்டார்ட் பண்ணப்புறம் 12.2, அப்புறம் 12.1னு இறங்கிட்டே போனா சார்ஜே ஏறல. 15க்கு மேல போனா எதிர்மாறான வியாதி, ரெகுலேட்டர் கட்டுப்பாடு இல்லாம அடிக்குது, பேட்டரி கொதிச்சு அழுகின முட்டை நாத்தம் வரும், பல்ப் அடிக்கடி ஃப்யூஸ் ஆகும், அதோட ஓட்டாதீங்க.

சித்திரை வெயில்ல மத்தியானம் டிராஃபிக்ல நின்னு வந்து பானெட்டை திறந்து பாத்துட்டு "13.6 தான் காட்டுது, போச்சு"ன்னு பயப்பட வேணாம். சூடு ஏறினா ரெகுலேட்டரே வோல்ட்டேஜை கொஞ்சம் குறைக்கும், பேட்டரி கொதிக்காம இருக்கறதுக்காக அப்படி தான் டிசைன் பண்ணி இருக்காங்க. வேலூர் வெயில்ல 13.6ம் ஊட்டி காலைல 14.4ம் ஒரே வண்டில வரலாம். சிகரெட் லைட்டர்ல சொருகற குட்டி வோல்ட் மீட்டர் வச்சு பாக்கறவங்களுக்கு இன்னொரு விஷயம், அது பேட்டரில இருக்கறத விட கொஞ்சம் கம்மியா தான் காட்டும், வழியில இருக்கற வயர் நஷ்டம் அது. தினசரி கண்காணிக்க நல்லது, முடிவெடுக்க பத்தாது.

சார்ஜ் ஏறலன்னு முடிவாச்சு. கழட்டலாமா? இன்னும் வேணாம்.

பெல்ட்டை பாருங்க, வண்டி ஆஃப்ல. ரெண்டு புல்லிக்கு நடுவுல கட்டை விரலால அழுத்தினா சின்ன வண்டில 8-10 மி.மீ. வரைக்கும் இறங்கலாம், அதுக்கு மேல ஆடினா லூஸ். பெல்ட் உள் பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா, வெடிப்பு விட்டிருந்தா மாத்திடுங்க, டைட் பண்ணி புண்ணியம் இல்ல. ஓவரா டைட் பண்ணாலும் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் ஊளையிட ஆரம்பிச்சிடும். நிறைய டீசல் வண்டில ஆல்டர்னேட்டர் புல்லி ஒரு பக்கம் மட்டும் பிடிக்கற கிளட்ச் டைப். அது போச்சுன்னா பெல்ட் சுத்தும், புல்லி சுத்தும், உள்ள ரோட்டர் மட்டும் சுத்தாது. பெல்ட்டை கழட்டி பின்னாடி ஃபேனை ஒரு ஸ்க்ரூ டிரைவர்ல தடுத்து பிடிச்சுட்டு புல்லிய சுத்தி பாருங்க, ஒரு பக்கம் ஃப்ரீயா போகணும், மறு பக்கம் கப்புனு பிடிக்கணும். ரெண்டு பக்கமும் ஃப்ரீயா போனா புல்லி மட்டும் மாத்துனா போதும், ஆல்டர்னேட்டர் ஒண்ணும் ஆகல.

அடுத்தது தான் இந்த வேலையோட உயிர்நாடி, ஆனா பாதி பேர் இத பண்றதே இல்ல. இன்ஜின் ஆஃப்ல மீட்டரோட சிவப்பு முனைய ஆல்டர்னேட்டர் பின்னாடி பி பிளஸ் போல்ட்டுல வைங்க, கருப்பை பேட்டரி நெகட்டிவ்ல. பேட்டரில என்ன இருக்கோ அதே வரணும். பூஜ்யம் வந்தா நடுவுல மெயின் ஃப்யூஸ் போயிருக்கு, பெரும்பாலும் பேட்டரி பாசிட்டிவ் மேலயோ பானெட்டுக்குள்ள இருக்கற ஃப்யூஸ் பாக்ஸ்லயோ போல்ட் போட்டு இறுக்கி வச்சிருக்கற 80, 100 ஆம்பியர்னு எழுதின பெரிய ஃப்யூஸ். யாராவது ஜம்பர் கேபிளை மாத்தி போட்டாலோ, பேட்டரிய தலைகீழா மாட்டினாலோ முதல்ல போறது இது தான், அதோட டயோடும் சேந்து போக வாய்ப்பு இருக்கு. இந்த ஃப்யூஸ் போன நிலைமைல இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ரேஸ் பண்ணாதீங்க, கரண்ட் போக வழி இல்லாம ஆல்டர்னேட்டர் வோல்ட்டேஜை ஏத்தும்.

வோல்ட் வந்தா ஸ்டார்ட் பண்ணி லோடு எல்லாம் போட்டு 2000ல பிடிங்க. இப்ப சிவப்பை பி பிளஸ் போல்ட்டுல, கருப்பை பேட்டரி *பாசிட்டிவ்* கம்பத்துல. ஆமா ரெண்டுமே பாசிட்டிவ் தான், தப்பு இல்ல. மீட்டர் காட்டறது அந்த வயர் தின்னுட்டு இருக்கற வோல்ட்டேஜ். 0.2, 0.3 வரைக்கும் சரி. 0.5 தாண்டினா வயர்லயோ லக்லயோ (வயர் முனைல இருக்கற வளையம்) ஃப்யூஸ் போல்ட்டுலயோ நஷ்டம். அப்புறம் சிவப்பை பேட்டரி நெகட்டிவ் கம்பத்துல, கருப்பை ஆல்டர்னேட்டர் அலுமினிய பாடில நல்லா சுரண்டி வைங்க. 0.2க்கு மேல வந்தா எர்த் சரியில்ல. பேட்டரில இருந்து பாடிக்கு போற கருப்பு வயர், கியர்பாக்ஸ்க்கோ இன்ஜினுக்கோ போற எர்த் ஸ்ட்ராப், இந்த ரெண்டையும் கழட்டி எமரி பேப்பர் போட்டு தேச்சு திரும்ப இறுக்குங்க. கிளட்ச் வேலை இன்ஜின் வேலை முடிஞ்சு வந்த வண்டில சார்ஜ் பிரச்சனை வந்தா நான் முதல்ல தேடறது இந்த எர்த் ஸ்ட்ராப்பை தான், திரும்ப மாட்ட மறந்துருப்பாங்க, இல்ல பெயிண்ட் மேல மாட்டி இருப்பாங்க.

"நான் கண்டினியூட்டி பாத்துட்டேன், பீப் சத்தம் வந்துச்சு, வயர் நல்லா இருக்கு"ன்னு நிறைய பேர் சொல்வாங்க. அது ஏன் செல்லாதுன்னா, 50 ஆம்பியர் போற வயர்ல அரை வோல்ட் தின்ன 0.01 ஓம் ரெசிஸ்டன்ஸ் போதும். உங்க மீட்டரோட வயரே அரை ஓம் காட்டும், அந்த நூத்துல ஒரு ஓமை அது எங்க கண்டுபிடிக்க போகுது. பீப் சத்தத்துக்கு ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாலும் போதும். அதனால லோடு போட்டு வோல்ட் நஷ்டம் பாக்கறது மட்டும் தான் கணக்கு. இன்னொரு சுலபமான குறி, நஷ்டம் இருக்கற இடம் சுடும். அரை வோல்ட்ட 50 ஆம்பியரால பெருக்கினா 25 வாட்ஸ், ஒரு சால்டரிங் அயர்ன் சூடு அது. லக் கருத்து போய் ஸ்லீவ் உருகி இருந்தா மீட்டரே வேணாம், அங்க தான். பேட்டரி டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா உப்பு பூத்திருந்தா வெந்நீர் ஊத்தி கழுவி, பிரஷ் போட்டு தேச்சு, மாட்டினப்புறம் மேல கொஞ்சம் வாஸ்லின் தடவுங்க. கிரீஸை உள்ள தடவிட்டு மாட்டாதீங்க.

வயரும் எர்த்தும் சரின்னா ஆல்டர்னேட்டர் பின்னாடி இருக்கற சின்ன கனெக்டருக்கு வாங்க. ரெண்டு பின்னோ மூணு பின்னோ இருக்கும். எல்னு இருக்கறது வார்னிங் லைட் வயர், ஐஜி இக்னிஷன் சப்ளை, எஸ்னு இருந்தா அது பேட்டரி வோல்ட்டேஜை ரெகுலேட்டருக்கு தெரிவிக்கற வயர். கனெக்டரை பிடுங்கி, சாவி ஆன்ல வச்சு, கனெக்டர் பக்கம் இருக்கற பின்கள்ல மீட்டரை வைங்க. ஐஜில 12 வரணும், வரலன்னா டேஷ்போர்டு கீழ இருக்கற ஃப்யூஸ் பாருங்க. எஸ்ல சாவி ஆஃப்ல இருந்தாலும் 12 வரணும். எல்ல 12 வரணும், ஆனா மீட்டர்ல 12 காட்டினா மட்டும் நம்பாதீங்க, ஒரு சின்ன டெஸ்ட் லேம்ப்பை எல்லுக்கும் எர்த்துக்கும் நடுவுல பிடிச்சு பாருங்க, டெஸ்ட் லேம்ப்பும் டேஷ்போர்டு பேட்டரி லைட்டும் மங்கலாவாவது எரியணும். நேரா வயர் துண்டு வச்சு எர்த் பண்ற பழக்கம் வேணாம், மாத்தி ஐஜில வச்சுட்டீங்கன்னா ஃப்யூஸ் போகும். எரிஞ்சா வண்டி பக்க வயரிங் மொத்தமும் சரி, இனிமே தப்பு ஆல்டர்னேட்டருக்குள்ள தான்னு தைரியமா சொல்லலாம். எரியலன்னா கனெக்டருக்கும் டேஷ்போர்டு மீட்டருக்கும் நடுவுல அறுந்துருக்கு, எலி கடிச்சிருக்கான்னு பாருங்க, விளையாட்டுக்கு சொல்லல.

கனெக்டரை திரும்ப மாட்டி சாவி ஆன்ல வச்சு, ஆல்டர்னேட்டர் பின் பேரிங் இருக்கற இடத்துகிட்ட ஒரு இரும்பு ஸ்க்ரூ டிரைவரை கொண்டு போங்க. காந்தம் இழுக்கற மாதிரி இழுத்தா ரோட்டர் காயிலுக்கு கரண்ட் போகுது, அதாவது கார்பனும் ரோட்டரும் உயிரோட இருக்கு, டயோடையோ ஸ்டேட்டரையோ (சுத்தாம நிக்கற காயில்) சந்தேகப்படுங்க. இழுவையே இல்லன்னா கார்பன், ரெகுலேட்டர், ரோட்டர் இதுல ஒண்ணு. சில புது டைப்ல இன்ஜின் சுத்த ஆரம்பிச்சா தான் காந்தம் வரும், அதனால இழுக்கலன்னா மட்டும் வச்சு தீர்ப்பு எழுத வேணாம். இன்ஜின் ஓடும்போது இத பண்ணாதீங்க, ஃபேன் விரலை எடுத்துடும்.

டயோடு போனதுக்கு ரெண்டு அடையாளம். ராத்திரி நிறுத்தின வண்டி காலைல பேட்டரி டவுன், ஆனா ஆல்டர்னேட்டரை தொட்டு பாத்தா இன்ஜின் ஜில்லுனு இருக்கும்போது அது மட்டும் வெதுவெதுன்னு இருக்கும். ஷார்ட் ஆன டயோடு வழியா ராத்திரி பூரா பேட்டரி காலியாகி இருக்கு. இன்னொண்ணு மீட்டர்ல: ஏசி வோல்ட் ரேஞ்ச்ல (குளிர்ற ஏசி இல்ல, டிசிக்கு எதிரான ஏசி கரண்ட்) வச்சு, இன்ஜின் ஓட, லோடு போட்டு பேட்டரி முனைல பாருங்க. அரை வோல்ட்டுக்கு மேல ஏசி வந்தா டயோடு போயிருக்கு. இங்க தான் அந்த மஞ்ச மீட்டரோட குறை. அதுல ஏசி ரேஞ்சே 200ல தான் ஆரம்பிக்கும், அதோட டிசிய வச்சாலே அத ஏசின்னு நினைச்சு 25, 27னு ஏதோ காட்டும். இன்ஜின் ஆஃப்ல ஏசி ரேஞ்ச்ல வச்சு பாருங்க, பூஜ்யம் காட்டலன்னா அந்த மீட்டர் இந்த டெஸ்ட்டுக்கு லாயக்கில்ல, யார்கிட்டயாவது நல்ல மீட்டர் வாங்கிக்கோங்க.

இப்ப கழட்டலாம். பேட்டரி நெகட்டிவ் கழட்டியாச்சான்னு இன்னொரு தடவ பாத்துக்கோங்க. நிறைய வண்டில பின் மூடிய கழட்டினா கார்பன் ஹோல்டரும் ரெகுலேட்டரும் தெரியும், சில ஸ்க்ரூ தான். கார்பன் நீளம் மாடலுக்கு மாடல் மாறும், ஆனா வெளிய நீட்டிட்டு இருக்கறது 5 மி.மீ.க்கு கீழ போயிருந்தா மாத்திடுங்க, ஒண்ணு நீளமா ஒண்ணு குட்டையா இருந்தாலும் மாத்தணும். ஓடி தேஞ்ச வண்டில "ஆல்டர்னேட்டர் போச்சு"ங்கற கேஸ் நிறைய இந்த கார்பன்ல தான் முடியும், செலவு சில நூறு ரூபா. ரோட்டர்ல ரெண்டு செம்பு வளையம் இருக்கும், அதுல மீட்டரை ஓம்ல வச்சா சுமாரா 2ல இருந்து 4 ஓம் வரணும், மீட்டர் முனைய ஒண்ணோட ஒண்ணு தொட்டு பாத்து அந்த அளவை கழிச்சுக்கோங்க. ஒண்ணுமே காட்டலன்னா காயில் அறுந்துடுச்சு. வளையத்துக்கும் ரோட்டர் இரும்புக்கும் நடுவுல எதுவும் காட்டக்கூடாது. வளையம் கருப்பா இருந்தா நைஸ் எமரி, பள்ளம் விழுந்திருந்தா லேத்ல குடுக்கணும். டயோடு பிளேட்டை டயோடு மோடுல ஒவ்வொண்ணா பாக்கணும், ஒரு பக்கம் 0.4 - 0.6, மறு பக்கம் ஒண்ணும் காட்டக்கூடாது. இதுக்கு ஸ்டேட்டர் வயரை சால்டரிங் பிரிக்க வேண்டி இருக்கும், பழக்கம் இல்லன்னா இந்த இடத்தோட நிறுத்திட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட கைல கொண்டு போய் குடுத்துடுங்க.

வண்டியோட போறதுக்கும் கைல கழட்டி கொண்டு போறதுக்கும் வித்தியாசம் இருக்கு. "அண்ணே, பி பிளஸ்ல 12 வருது, எர்த் நஷ்டம் இல்ல, எல் வயர் எரியுது, கார்பனும் டயோடும் மட்டும் பாத்து சொல்லுங்க"ன்னு போய் நின்னா அவரும் நேரா விஷயத்துக்கு வருவார். பெஞ்ச்ல மோட்டார் வச்சு சுத்தி பாக்கற மெஷின் இருக்கற கடையா பாருங்க, மாத்தின பழைய சாமானை கேட்டு வாங்குங்க. பழசு வாங்கி மாட்டலாம்னு புதுப்பேட்டை பக்கம் போனா லேபிள்ல ஆம்பியர் அதே அளவா, புல்லில கோடு எண்ணிக்கை அதேவா, கனெக்டர் பின் அதேவா, மவுண்டிங் காது ஒத்துப்போகுதான்னு பழசை பக்கத்துல வச்சு பாத்துட்டு காசு குடுங்க. சென்னைல 2015, 2023 டிசம்பர் வெள்ளத்துல நின்ன மாதிரி தண்ணில மூழ்கின வண்டியோட ஆல்டர்னேட்டர் வெளிய பளிச்சுனு இருந்தாலும் பேரிங்கும் வளையமும் உள்ள துரு பிடிச்சிருக்கும், கைல சுத்தி பாத்து கரகரன்னு இருந்தா வேணாம். வாட்டர் சர்வீஸ்ல பானெட்டை திறந்து பிரஷர்ல அடிக்கறதும் சின்ன அளவுல அதே வேலை தான்.

புது வண்டிங்கள பத்தி சுருக்கமா. இப்ப வர நிறைய வண்டில ஆல்டர்னேட்டரை ஈசிஎம் தான் கட்டுப்படுத்தும், மைலேஜுக்காக. நேரா போகும்போது 12.6, பிரேக் போட்டா 14.8னு மாறிட்டே இருக்கும், அது வியாதி இல்ல. ஹெட்லைட் போட்டு கொஞ்ச நேரம் ஓடவிட்டு பாருங்க, வோல்ட்டேஜ் ஏறினா சரி. 2015ல சியாஸ்ல வந்த எஸ்ஹெச்விஎஸ் மாதிரி ஹைபிரிட்ல ஆல்டர்னேட்டரும் செல்ஃப் மோட்டார் வேலையும் ஒரே யூனிட், ரெண்டாவது பேட்டரியும் இருக்கற மாடல் உண்டு. அதுல ஸ்க்ரூ டிரைவர் டெஸ்ட்டெல்லாம் பண்ணாம ஸ்கேனர் இருக்கற இடத்துல குடுங்க.

நடு ரோட்டுல ஆச்சுன்னா? திருச்சில இருந்து மதுரை போற வழில துவரங்குறிச்சி தாண்டி லைட் எரியுது, டெம்பரேச்சர் சரியா இருக்கு, பெல்ட்டும் இருக்குன்னு வைங்க. ஏசி, ப்ளோயர், மியூசிக், போன் சார்ஜர் எல்லாத்தையும் நிறுத்துங்க, இன்ஜினை மட்டும் ஆஃப் பண்ணாதீங்க, செல்ஃப் அடிக்கற ஒரு தடவை நிறைய தின்னுடும். 35 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரியோட கொள்ளளவு) பேட்டரி நல்லா இருந்து பகல்ல போனா பெட்ரோல் வண்டி இக்னிஷனுக்கும் பம்ப்புக்கும் மட்டும் செலவு பண்ணி ஒரு மணி நேரமாவது இழுக்கும், அதுக்குள்ள மேலூர் வந்துடும். ராத்திரின்னா ஹெட்லைட் ரெண்டும் சேந்து கிட்டத்தட்ட 10 ஆம்பியர், ரேடியேட்டர் ஃபேன் தனி, நேரம் பாதியா குறைஞ்சிடும், ஹெட்லைட் மங்க ஆரம்பிச்சா வெளிச்சம் இருக்கற பெட்ரோல் பங்க்ல ஒதுங்கிடுங்க, ஹைவேல லைட் இல்லாம ஓட்ட வேணாம்.

வேலை முடிஞ்சு மாட்டினப்புறம் அதே டெஸ்ட் திரும்ப: லோடு இல்லாம, லோடோட, பி பிளஸ் நஷ்டம், எர்த் நஷ்டம். கடைலயே, காசு குடுக்கறதுக்கு முன்னாடி பாருங்க. அப்புறம் அந்த காலி பேட்டரிய "லாங் டிரைவ் போனா ஏறிடும்"னு புது ஆல்டர்னேட்டர் தலைல கட்டாதீங்க, இருக்கற பேட்டரிய நிரப்பி வைக்க தான் அது, செத்துக்கிடக்கறத எழுப்ப ஃபுல் லோடுல மணிக்கணக்கா ஓடினா புது டயோடும் சூடேறி போகும். 35 ஏஎச் பேட்டரிய சார்ஜர்ல 3-4 ஆம்பியர்ல ராத்திரி பூரா போட்டு எடுத்து மாட்டுங்க. மூடி திறக்கற டைப்னா அதுக்கு முன்னாடி தண்ணி மட்டத்தை பாருங்க, குறைஞ்சிருந்தா பிளேட் மூழ்கற அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர், மிச்சத்தை சார்ஜ் ஏறினப்புறம் ஊத்திக்கலாம், முதல்லயே ஃபுல்லா ஊத்தினா ஆசிட் பொங்கி வெளிய வழியும்.